சமாதானக் கடிதம் செல்லாது!

நமது தோட்டங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்து வருகிறது. ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்துவிட்டால், விஷயம் போலீசுக்குப் போவதற்கு முன் கோயில் மண்டபத்துக்குப் போகும். கோயில் தலைவர், மண்டோர், தொழிற்சங்கத் தலைவர் என்று நாலு பெரிய மனிதர்கள் உட்காருவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் தலைகுனிந்து நிற்பார்கள். தீங்கு செய்தவனின் வீட்டார் ஒரு தொகையைச் சொல்லுவார்கள். பேரம் நடக்கும். முடிவில் ஒரு தாள் எழுதப்படும். இனி இவ்விஷயமாக எங்கும் புகார் செய்வதில்லை என்று அதில் கண்டிருக்கும். பெண் கையெழுத்திடுவாள். மறுநாள் காலைப் பெரட்டில் ஒன்றும் நடவாதது போல எல்லாரும் நிற்பார்கள். இதற்குப் பெயர் சமாதானம்.

அப்படிப்பட்ட தாள் ஒன்றை எழுதியது நமது கை. இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது யோக்கியமாகாது.

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாம் தோட்டத்து ஆபீசில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். தமிழ்ப்பள்ளியில் பழகிய கையெழுத்து, பார்க்க அழகாக இருக்கும் என்று நம்மை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்த ஒரு சகோதரி. அவருக்கு நாளாந்தம் வேலை பிரித்துக் கொடுத்தவனே தீங்கு செய்தவன். மூவாயிரம் வெள்ளிக்கு முடிவாயிற்று. சொல்லச் சொல்ல எழுதினோம். அச்சகோதரி நம்மைப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். சில மாதங்களில் அக்குடும்பம் தோட்டத்தை விட்டே போய்விட்டது. அவன் வேலையில் நீடித்தான்.

சென்ற ஆண்டு ஈப்போவில் ஒரு கல்யாண வீட்டில் அச்சகோதரியைக் கண்டோம். நலம் விசாரித்த பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "கிராணியண்ணே, அன்னைக்கு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினீங்களே. அதனால இனிமே நான் போலீசுக்குப் போகவே முடியாதுன்னு சொன்னாங்க. அது நெசந்தானா?"

நமக்கு விடை தெரியவில்லை. எழுதிய நமக்கே தெரியவில்லை! அத்தாளை ஒரு சட்டம் போல நம்பி அவர் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். வெட்கத்தோடு வீடு திரும்பி, சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம், தெரிந்தவர்களைக் கேட்டோம். கிடைத்த விடையை முதலில் அவருக்குச் சொன்னோம். அவர் அனுமதியோடு, பெயரும் ஊரும் குறிப்பிடாமல், இப்போது உங்கள் எல்லாருக்கும் சொல்லுகிறோம்.

தாளுக்கு மதிப்பு இல்லை

நம் நாட்டுச் சட்டப்படி வன்புணர்ச்சி என்பது இரண்டு வீட்டாருக்கு இடையே நடந்த சண்டை அன்று. அது நாட்டுக்கே எதிரான குற்றம். வழக்குத் தொடுப்பவர் பெண்ணின் தகப்பனார் அல்லர். அரசுத் தரப்பு வழக்கறிஞர். சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளத் தக்க சிறு குற்றங்கள் சில உண்டு. அவை யாவை என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவு பட்டியல் போட்டுக் காட்டுகிறது. வன்புணர்ச்சி அப்பட்டியலில் இல்லை. ஆகவே கோயில் தலைவருக்கோ, மானேஜருக்கோ, தொழிற்சங்கத் தலைவருக்கோ, பெண்ணைப் பெற்றவருக்கோகூட அதை முடித்து வைக்க உரிமை கிடையாது. அவர்கள் வாங்கும் கையெழுத்து அப்பெண்ணின் வாயை எவ்வகையிலும் கட்டாது.

அதோடு நிற்கவில்லை. ஒரு குற்றத்தை மறைப்பதற்காகப் பணம் வாங்குவதும், பணம் கொடுப்பதும் தனிக் குற்றங்கள் என்று தண்டனைச் சட்டத்தின் 213, 214ஆம் பிரிவுகள் சொல்லுகின்றன. அப்படியானால் அந்த மண்டபத்தில் நடந்தது என்ன? ஒரு குற்றத்தைத் தீர்த்து வைப்பதாக எண்ணிக்கொண்டு, அதன் மேல் இன்னொரு குற்றத்தை அடுக்கினோம். பெரிய மனிதர்கள் என்று உட்கார்ந்தவர்கள் சட்டத்தின் முன் மிகச் சிறிய மனிதர்களாக நின்றோம்.

பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017ஆம் ஆண்டில் அமலுக்கு வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க அது இடம் தருகிறது. பதினாறு வயதுக்குக் குறைந்த பெண் சம்மதித்தாள் என்று எவனும் வாதாட முடியாது. சட்டத்தின் கண்ணுக்கு அது வன்புணர்ச்சிதான். "கட்டி வைத்துவிட்டால் தீர்ந்தது" என்று சில வீடுகளில் பேசுகிறார்கள். நடந்த குற்றத்தைத் தாலி அழிக்காது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

காலம் கடந்துவிட்டதா?

அச்சகோதரியின் கேள்வியில் இன்னொரு கேள்வியும் அடங்கியிருந்தது. இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டனவே, இனிக் கேட்பார்களா?

வன்புணர்ச்சிக்கு இத்தனை ஆண்டுக்குள்தான் புகார் செய்யவேண்டும் என்ற காலக்கெடு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. காலம் செல்லச் செல்லச் சான்றுகள் கரையும் என்பது உண்மை. ஏன் தாமதம் என்று நீதிமன்றம் கேட்கும் என்பதும் உண்மை. ஆனால் கதவு அடைபடவில்லை.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூர்வது தகும். தருமபுரி மாவட்டத்தில் வாச்சாத்தி என்று ஒரு மலையடிவாரக் கிராமம். பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அவ்வூருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்களைப் பாழ்படுத்தினார்கள். பிறகு அப்பெண்களையே சிறையில் அடைத்தார்கள். குற்றம் செய்தவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். புகாரை யார் வாங்குவார்கள்?

அம்மக்களுக்குத் துணை நின்றது ஒரு சங்கம்: தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம். கோர்ட்டுப் படி ஏறினார்கள். மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவு வாங்கினார்கள். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. அவர்களில் 17 பேர் மீது வன்புணர்ச்சிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பதினெட்டுப் பெண்களுக்கும் தலைக்கு 10 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது.

முப்பத்தோரு ஆண்டுகள்! எழுத்தறிவு குறைந்த, கையில் காசில்லாத பெண்கள் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரே சொல்லில் நின்றார்கள். அவர்களால் நிற்க முடிந்ததற்குக் காரணம், பக்கத்தில் ஒரு சங்கம் விலகாமல் நின்றது. சமாதானம் பேசவும் கையெழுத்து வாங்கவும் அச்சங்கம் முன்வந்திருந்தால் வாச்சாத்தி என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

பயந்து சம்மதித்தது சம்மதமா?

"அவளும் சம்மதித்துத்தானே போனாள்" என்பது நமது மண்டபங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. அது தோட்டத்துக்கென்றே எழுதி வைத்தாற்போல இருக்கிறது.

தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு வன்புணர்ச்சி எது என்பதை விளக்குகிறது. உயிருக்கோ உடலுக்கோ அஞ்சிக் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது. அதோடு, ஒரு பெண்ணின் மீது தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவன் பெற்ற சம்மதமும் செல்லாது. நிரை ஒதுக்குபவன், பேர் போடுபவன், ஓவர்டைம் கொடுப்பவன், பெர்மிட்டைப் புதுப்பிப்பவன் ஆகிய எவனும் தன் அதிகாரத்தைக் காட்டி ஒரு பெண்ணை இணங்க வைத்தால், அது வன்புணர்ச்சியே. இப்படிச் செய்பவனுக்கு 10 ஆண்டு முதல் 30 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

இவ்விடத்தில் நமது சங்க வரலாற்றில் ஓர் ஏட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது யாவரும் அறிந்ததே. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டம் கூலி உயர்வுக்காக என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். ஆனால் அன்றைய கோரிக்கைகளில் கூலி ஒன்று மட்டும் இல்லை. வெள்ளைத் துரைமாரும் "கறுப்பு ஐரோப்பியர்களும்" தொழிலாளப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கை இருந்த அதே பட்டியலில்தான் இதுவும் இருந்தது. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள்.

"கறுப்பு ஐரோப்பியர்" என்று அன்று தொழிலாளர்கள் யாரைச் சொன்னார்கள்? துரையைப் போலவே அதிகாரம் செய்த நம்மவரைத்தான் சொன்னார்கள், கிராணிமாரைத்தான் சொன்னார்கள். நாமும் ஒரு கிராணி. அப்பட்டம் நம் நாற்காலிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் துடைப்பது நமது பொறுப்பு. பெண்களின் மானத்துக்காக 1941இல் உயிரைக் கொடுத்த ஓர் இயக்கத்தின் வழித்தோன்றல்கள், மூவாயிரம் வெள்ளிக்குத் தாள் எழுதிக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலம்!

சொல்லிலும் ஒரு திருத்தம் தேவை. பழைய தமிழ் ஏடுகள் இக்குற்றத்தைக் "கற்பழிப்பு" என்றே எழுதின. அச்சொல் குற்றவாளியை விட்டுவிடுகிறது. பெண்ணிடம் ஏதோ அழிந்துபோனதாகச் சொல்லுகிறது. திருட்டுப் போன வீட்டைப் பார்த்து யாரும் வீடு கெட்டுப்போயிற்று என்பதில்லை. வன்புணர்ச்சி என்று எழுதுவோம். வன்முறை செய்தவன் யாரோ, வெட்கம் அவனுடையது.

என்ன செய்ய வேண்டும்?

சட்டம் இருந்து என்ன பயன்? அதைப் பிடித்துக்கொள்ளும் வழி தெரிய வேண்டாமா? நாம் கேட்டறிந்ததை வரிசையாகச் சொல்லுகிறோம். நறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆஸ்பத்திரி. பெரும்பாலோர் போலீஸ் புகார் இருந்தால்தான் டாக்டர் பார்ப்பார் என்று நினைக்கிறார்கள். அது தவறு. சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் இத்தகைய துன்பத்துக்கு ஆளானவர்களுக்கென்று ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் என்னும் தனி ஏற்பாடு 1990ஆம் ஆண்டுகளிலிருந்தே இருந்து வருகிறது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியிலும் உண்டு. நேரே போகலாம். தனி அறையில் பார்ப்பார்கள். சிகிச்சை, சான்று எடுத்தல், போலீஸ் புகார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிப்பதற்காக ஏற்பட்டது அது. குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. உடை மாற்றிவிட்டால் பழைய உடையைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகிதப் பையில் கொண்டு போக வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் மருந்துக்கும், எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்துக்கும் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நன்று.

அடுத்தது போலீஸ். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். "இது எங்கள் எல்லை அல்ல, வேறு ஊருக்குப் போ" என்று திருப்பி அனுப்ப இடமில்லை. நாட்டின் எந்த மூலையில் நடந்த குற்றமானாலும் புகாரை வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். பெண் அதிகாரியிடம் சொல்ல விரும்புவதாகக் கேளுங்கள். மலாயில் எழுதியதைத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்திடாதீர்கள். நாம் ஒருமுறை வாங்கிய கையெழுத்தின் கதையை மேலே படித்தீர்கள். புகாரின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

புகார் செய்துவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்கு ஓர் உரிமை உண்டு. நம்மில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அது தெரியாது. புகார் செய்து நான்கு வாரம் கழிந்தபின், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் போலீசார் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுதிப் போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு இவ்வுரிமையைத் தருகிறது. அந்தக் கடிதத்தை எழுதத்தான் நம்மைப் போன்ற கிராணிமாரின் அழகான கையெழுத்து இனிப் பயன்பட வேண்டும்.

மூன்றாவது கோர்ட்டு. "பார்த்த சாட்சி யார்?" என்று கேட்டே பல பெண்களின் வாயை நாம் அடைத்திருக்கிறோம். இத்தனை சாட்சி இருந்தால்தான் குற்றம் மெய்யாகும் என்று சட்டம் கணக்கு வைக்கவில்லை. சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்லுகிறது. நீதிபதி நம்பத்தக்கதாக இருந்தால் பெண்ணின் வாக்குமூலம் ஒன்றே போதும். எனினும் அதைத் தாங்கிப் பிடிக்கும் டாக்டர் சான்றும், உடையும், முதலில் யாரிடம் சொன்னாளோ அவருடைய வாக்குமூலமும் வழக்குக்குப் பெரிய பலம்.

"கோர்ட்டில் பழைய கதையெல்லாம் கிளறுவார்கள்" என்ற பயமும் பெரும் பயம். வேறு ஆடவருடன் அவளுக்கு என்ன உறவு இருந்தது என்று துருவிக் கேட்பதை 146ஏ பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, தடுக்கிறது. இது 1989இல் வந்த திருத்தம். யாரும் தாமாகத் தரவில்லை. 1985 முதல் இந்நாட்டு மகளிர் அமைப்புகள் இனவேறுபாடின்றி ஒன்றுகூடிப் போராடியதால் வந்தது. பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சாட்சி சொல்லும் சிறுபிள்ளை குற்றவாளியின் முகத்தைப் பார்க்காதபடி திரை மறைவிலோ, வேறு அறையிலிருந்து ஒளிக்காட்சி மூலமோ பேசுவதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது.

குற்றம் மெய்ப்பட்டு, தண்டனை விதிக்கப்படுவதற்கு முன், தனக்கு நேர்ந்த பாதிப்பை நீதிபதியின் முன் சொல்லும் உரிமையும் பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. அரசுத் தரப்பு கேட்டால் குற்றவாளியிடமிருந்து நஷ்டஈடு வாங்கித் தரவும் நீதிமன்றத்தால் முடியும். கோயில் மண்டபத்தில் தலைகுனிந்து வாங்கும் பணம் வேறு. நீதிபதியின் உத்தரவால் தலைநிமிர்ந்து வாங்கும் பணம் வேறு.

ஏழைப் பெண்ணின் சொல் எடுபடுமா என்று ஐயுறுபவர்களுக்கு நமது ஈப்போவையே காட்டலாம். 2019 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வீட்டுப் பணிப்பெண் தம் முதலாளி மீது மறுநாளே போலீசில் புகார் செய்தார். முதலாளி அப்போது மாநில ஆட்சிக்குழு உறுப்பினர். 2022 ஜூலை 27இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, 13 ஆண்டுச் சிறையும் இரண்டு பிரம்படியும் விதித்தது. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதி செய்து, சிறையை 8 ஆண்டாகக் குறைத்தது. அதன்பின் அவ்விஷயம் சென்ற வழியை நாம் இங்கே பேச வரவில்லை. மொழி தெரியாத நாட்டில் பிறர் வீட்டில் தங்கி வேலை செய்த ஒரு பெண்ணின் சொல் இரண்டு நீதிமன்றங்களில் எடைபோடப்பட்டு நின்றது என்பதே நாம் சொல்ல வருவது.

வேலையிடத்துத் தொல்லை

வன்புணர்ச்சி திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு முன்னால் கேலி, தொடுதல், இரட்டை அர்த்தப் பேச்சு, தனியாக வரச்சொல்லுதல் எல்லாம் நடந்திருக்கும். அவற்றை அப்போதே நிறுத்துவதற்கும் சட்டம் உண்டு. ஒரு பெண்ணின் மானத்துக்கு இழுக்குச் செய்யும் நோக்கத்தோடு கைவைப்பது 354ஆம் பிரிவுப்படி 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் தொல்லை பற்றித் தொழிலாளி புகார் செய்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதில் திருப்தி இல்லாதவர் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். 2023 ஜனவரி முதல், பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்டி வைப்பது முதலாளியின் கடமையாகவும் ஆகியிருக்கிறது. உங்கள் பெரட்டுக் களத்தில் அந்த அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா? நாளைக் காலை பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாலியல் தொல்லைக்கென்று ஒரு நடுவர் மன்றமும் ஏற்பட்டிருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும். 2,50,000 வெள்ளி வரை நஷ்டஈடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

இன்று பால்மரம் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. நம்மவர் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். நமது லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இருக்கிறார்கள். 2020 நவம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா செம்பனைத் தோட்டங்களில் பெண்கள் படும் பாலியல் கொடுமைகளைத் திரட்டி வெளியிட்டது. நமது பாட்டிமார் பட்டதை இன்று வேறு மொழி பேசும் பெண்கள் படுகிறார்கள். அவர்கள் நமது சங்கத்தில் சந்தா கட்டுகிறார்களா என்று பார்த்துத்தான் இரக்கப்படுவோமா?

சட்டத்தின் ஓட்டைகள்

சட்டத்தைப் புகழ்ந்துகொண்டே போவது நமது நோக்கமன்று. ஓட்டைகள் பல உண்டு. மனைவியைக் கணவன் வன்புணர்வதை இச்சட்டம் இன்னும் வன்புணர்ச்சி என்று ஏற்கவில்லை. அடித்தோ மிரட்டியோ இணங்க வைத்தால் மட்டும், வேறொரு பிரிவின்கீழ், 5 ஆண்டு வரை சிறை என்கிறது. வழக்குகள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் கூலி போகிறது. பஸ் காசு போகிறது. கோர்ட்டில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் நாட்டுக்காகப் பேசுகிறார். குற்றவாளிக்கு அவனுடைய வழக்கறிஞர் இருக்கிறார். பெண்ணுக்கென்று பேச யாருமில்லை. அவள் அங்கே வெறும் சாட்சி. தவணைகளுக்கு இடையே அவள் தனித்து விடப்படும்போதுதான் "விட்டுவிடு, எதற்கு வம்பு?" என்ற குரல் காதில் விழுகிறது. அந்த இடைவெளியில் சங்கம் நிற்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

ஆகவே நமது கிளைகளின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: வன்புணர்ச்சி, சிறுவர் பாலியல் கொடுமை ஆகிய விஷயங்களில் எந்தக் கிளைத் தலைவரும் சமாதானம் பேச உட்காரக்கூடாது. உட்காருபவர் பதவியை விட்டு விலக வேண்டும். இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுவோம்.

இரண்டு: ஒவ்வொரு கிளையிலும் நம்பிக்கைக்குரிய இரண்டு பெண்களைப் பொறுப்பாக நியமிப்போம். ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போவது அவர்கள் வேலை. ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் என்னும் மகளிர் அமைப்பு இருக்கிறது. அத்தகையோரிடம் அவர்கள் பயிற்சி பெறட்டும். அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண் 15999 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. அவ்வெண்ணை லயத்துக்கு லயம் எழுதி வைப்போம்.

மூன்று: பெண்ணின் சார்பில் வழக்கின் போக்கைக் கவனிக்க ஒரு வழக்கறிஞரை அமர்த்த நம் நாட்டுக் கோர்ட்டுகளில் வழக்கம் உண்டு. அதற்கான செலவையும், தவணை நாள் கூலியையும், பஸ் காசையும் சங்கத்தின் சேமநல நிதியிலிருந்து கொடுப்போம்.

நான்கு: புகார் செய்த பெண்ணை வேலையிலிருந்து மாற்றுவதோ நிறுத்துவதோ நடந்தால், அதைச் சங்கத்தின் மேல் விழுந்த அடியாகக் கருதி எதிர்ப்போம்.

இவற்றில் எதுவும் பெரிய காரியமன்று. பத்து வெள்ளிக் கூலி பாக்கிக்காக மானேஜரின் வாசலில் நாள் முழுதும் நிற்கத் தெரிந்த நமக்கு, ஒரு பெண்ணோடு ஆஸ்பத்திரி வாசலில் ஓர் இரவு நிற்கத் தெரியாதா?

அச்சகோதரி இனிப் புகார் செய்வாரா, மாட்டாரா? அது அவருடைய முடிவு. செய் என்று வற்புறுத்தவும், செய்யாதே என்று தடுக்கவும் நமக்கு உரிமையில்லை. அவர் கேட்டால், தாள் எழுதியதும் பணம் கைமாறியதும் உண்மை என்று எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்லுவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதனால் நமக்கு வரும் கேடு வரட்டும்.

தோழர்களே, உங்கள் தோட்டத்துப் பெட்டிகளிலும் இப்படிப்பட்ட தாள்கள் கிடக்கலாம். அவற்றில் கையெழுத்திட்ட பெண்கள் எங்கோ ஒரு பட்டணத்தில், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எண்ணி வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவர்களைத் தேடிச் சென்று சொல்லுங்கள்: அந்தத் தாள் செல்லாது. அதை எழுதிய நாமே சொல்லுகிறோம், செல்லாது!